நீட்ட டிரெய்லர்

முடிவு பண்ணிட்டியா அம்மணி என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தண்டபாணி அண்ணன் ஒரு டீச்சரம்மாவின் சைக்கிளுக்கு பிரேக் கட்டை மாற்றப் போய்விட்டார். நான் அவர் கடையின் பிளாஸ்டிக் ஸ்டூலில் மடியில் இரண்டு அட்டை டப்பாக்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஏதோ கல்யாண வீட்டில் மொய்ப் பொருளைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரி. ஒரு டப்பாவில் பின் சக்கரத்துக்கான பல் செட்டு, அதில் பெரிய பல்சக்கரத்துக்கு இருபத்தெட்டுப் பல். இன்னொரு டப்பாவிலும் அதே சாமான்தான், ஆனால் பெரியதில் முப்பத்தி நாலு பல். பின்னால் பல் கூடினால் கால் லேசாகும், வண்டி மெதுவாகப் போகும், ஆனால் மேடு ஏறும். பல் குறைந்தால் கால் கனக்கும், சமதரையில் பறக்கும். இவ்வளவுதான் விஷயம், இதில் ஆம்பளை எங்கிருந்து வந்தான், பொம்பளை எங்கிருந்து வந்தாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. டப்பாவைக் கையில் கொடுக்கும்போதே அண்ணன் சொன்னார், இது பசங்க செட்டு, இது லேடீஸ் செட்டு, உனக்கு லேடீஸே போட்டுரச் சொல்லி சார் போன்லயே சொல்லிட்டாரு, நீயும் ஒரு வார்த்தை சொல்லிட்டா ஆரம்பிச்சுருவேன். ஒரு வார்த்தையாம். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். செய்தவன் அதில் லேடீஸ் என்று எங்கேயும் போடவில்லை. பல் எத்தனை என்று போட்டிருக்கிறான், எடை போட்டிருக்கிறான், குழந்தைகள் வாயில் வைக்கக் கூடாது என்றுகூடப் படம் போட்டிருக்கிறான். லேடீஸ் மட்டும் இல்லை. அது நாமக்கல் வந்து இறங்கினதுக்கு அப்புறம் ஒட்டிக்கொண்டது. பூப்போட்ட சீட் கவரும் முன்னால் ஒரு கூடையும் சேர்த்துத் தருவீங்களாண்ணா என்று கேட்டிருக்கணும், கேட்கவில்லை. என் பேர் மௌனிகா, பேர் வைத்தவர்கள் ஏமாந்துபோனார்கள் என்று தெருவே சொல்லும், அப்படிப்பட்ட எனக்கே வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், எனக்கு வேண்டியது முப்பத்தி நாலுதான். அதுதான் எரிச்சல். அவர்கள் சொல்வது தப்பாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன்.

மதிவாணன் சார் எங்கள் கோச். சைக்கிளை விட்டு இறங்கிப் பல வருஷம் ஆகி, இப்போது புல்லட்டில் எங்கள் பின்னால் வந்துகொண்டு கத்துகிற கோச். அவருக்குப் பல் விஷயத்தில் ஒரு கொள்கை. இருபத்தெட்டுக்கு மேல போடறவன் பால் கேன் கட்டிக்கிட்டு வீடு வீடா ஊத்தப் போலாம், என் டீமுக்கு வேண்டாம் என்று போன வாரம் பைபாஸ் ஓரத்தில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். பசங்கள் சிரித்தார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, மௌனிகா நீ லேடீஸ் செட்டு போட்டுக்கம்மா, உனக்கு அதுல தப்பில்லை என்றார். தப்பில்லையாம். மன்னிப்பு கொடுக்கிற மாதிரி. நான் ஒன்றும் செய்வதற்கு முன்னாலேயே மன்னிப்பு. பக்கத்தில் நிதர்சன் நின்றான், சாருடைய செல்லம், எங்களில் வேகமானவன், அதை மறைக்கத் தெரியாதவன். அப்படியே கேரியரும் மாட்டிக்க மௌனி, மேல போனதும் ஒரு மூட்டை அன்னாசி கட்டிட்டு வரலாம், சந்தைல நல்ல விலை போவுது என்றான். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்ததை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. மேலே என்றால் கொல்லிமலை. ஞாயிற்றுக்கிழமை அடிவாரம் காரவள்ளியில் கிளம்பி எழுபது வளைவும் ஏறி முடிக்கணும். கால் ஊனக் கூடாது. ஊனினால் அங்கேயே சாருடைய புல்லட் நிற்கும், சைக்கிள் பின்னால் வருகிற மினி லாரியில் ஏறும். பசங்களில் முதல் நாலு பேர் மாநில கேம்ப்புக்குப் போவார்கள். பொண்ணு நான் ஒருத்திதான், முழுசா ஏறினால் என்னையும் சேர்த்துக்கொள்வாராம். எத்தனாவதாக வந்தாலும் பரவாயில்லையாம், ஏறினால் போதுமாம். அதிலும் ஒரு தப்பில்லை.

பல் செட்டு மட்டும் என்றால்கூட சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளலாம், யாரும் குனிந்து எண்ணப்போவதில்லை. ஆனால் செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளுகிற கை ஒன்று பின் சக்கரத்துக்குக் கீழே தொங்குமே, அதையும் மாற்றணும். இப்போது என் வண்டியில் இருப்பது கட்டைக் கை, முப்பத்தி நாலைத் தாங்காது, செயின் தொங்கிப்போகும். நீட்டக் கை உள்ளது வேண்டும். அது கணுக்கால் உயரத்துக்குத் தொங்கும், எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவனுக்குக்கூடத் தெரியும். நெற்றியில் எழுதி ஒட்டின மாதிரி. அந்தக் கைக்கு டீரெயிலர் என்று ஏதோ பேர், எங்கள் ஊர் வாயில் டிரெய்லர். லாரிக்குப் பேர்போன நாமக்கல்லில் டிரெய்லர் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நேற்று ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணும்வரை நான் யோசிக்கவில்லை. அப்பா லாரி டிரைவர், லோடு இறக்க நாக்பூரில் நின்றுகொண்டிருந்தார். அப்பா டிரெய்லர் மாத்தணும், நீட்டமா போடறதா கட்டையா போடறதான்னு தெரியலை என்றேன். யார் வண்டிக்கு என்றார். எனக்குத்தான் என்றேன். பின்னால் ஏதோ லாரி ஹாரன் அடித்தது. உனக்கு லைசென்சே இல்லியேம்மா என்றார். அப்புறம் எத்தனை வீலு என்றார். ரெண்டுதாம்பா என்றதும் புரிந்து சிரிக்க ஆரம்பித்தார், பக்கத்தில் கிளீனரைக் கூப்பிட்டு, டேய் எம் புள்ள ரெண்டு வீல்ல டிரெய்லர் ஓட்டுதாமாடா என்று சொன்னார், கிளீனரும் சிரித்தான். நாக்பூர் முழுக்கச் சிரித்திருக்கும். சிரித்து முடித்துவிட்டு, எனக்கென்ன தெரியும் இதெல்லாம், சார் சொல்றதைப் போட்டுக்க என்று வைத்துவிட்டார். எனக்கென்ன தெரியுமாம். இவருக்கா தெரியாது. நான் ஆறாவது லீவில் இவரோடு ஒரு தடவை கேபினில் போனேன், தொப்பூர் மேட்டில் முழு லோடு, சிமெண்ட். இவர் ஃபர்ஸ்ட்டைப் போட்டுவிட்டு இடது கையால் கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு ஏறினார். வண்டி நடந்தது என்றுதான் சொல்லணும். கார்க்காரன் ஹாரன் அடித்தான், ஒரு மொபெட் எங்களைத் தாண்டிப் போனது, மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி எனக்கு டாட்டா காட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது, வேகமா போப்பா என்றேன். போனா நின்னுரும் என்றார். அவ்வளவுதான் சொன்னார், கடலையைத் தின்றார். அந்த கியரை யாரும் லேடீஸ் கியர் என்று சொன்னதில்லை. பதினாறு டன்னை மேட்டில் ஏற்றுகிறவன் சின்ன கியரில் போனால் அவன் டிரைவர், ஐம்பது கிலோ நான் போனால் லேடீஸ்.

டீச்சரம்மா போகவில்லை இன்னும், பிரேக் பிடித்தால் கத்துது கத்துது என்கிறார், கத்துவதாகத் தெரியவில்லை, அவர்தான் கத்துகிறார். தண்டபாணி அண்ணன் அங்கிருந்தே என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குகிறார், நான் தலையை ஆட்டாமல் டப்பாவைப் பார்க்கிறேன். சரி, இருபத்தெட்டே போட்டுவிட்டால் என்ன என்று மறுபடி ஆரம்பிக்கிறது. போட்டுக் காட்டினால் என்ன. காட்டலாம், நாற்பத்தி மூன்றாவது வளைவு வரைக்கும், மிஞ்சிப்போனால் இன்னும் ரெண்டு வளைவு காட்டலாம். வளைவுக்கு வளைவு பலகை வைத்திருக்கிறார்கள், அதனால் எங்கே செத்தோம் என்று மறக்கவும் முடியாது. போன மாசம் பழைய செட்டோடு, அது இருபத்தஞ்சுப் பல், இன்னும் மோசம், நாற்பத்தி மூன்று வரைக்கும்தான் போனேன். முப்பது தாண்டினதிலிருந்தே நான் மிதிக்கவில்லை, பெடல்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன், என் எடைதான் மிதித்தது. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று வருவதற்குள் நடுவில் ஒரு இடம் இருக்கும், சக்கரம் நிற்கவா வேண்டாமா என்று யோசிக்கிற இடம், அந்த இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிசாகிக்கொண்டே வந்தது. வலது முட்டிக்குள் யாரோ சர்க்கரையைக் கொட்டி அரைக்கிற மாதிரி. கால் இறங்கினது எனக்குத் தெரியாது, கேட்டது, ஷூவுக்கு அடியில் இருக்கிற கட்டை தாரில் டக் என்று பட்ட சத்தம். மேலேயிருந்து டவுன் பஸ் இறங்கி வந்தது, வளைவில் நான் குறுக்கே நின்றதால் அதுவும் நின்றது, பிரேக் கருகின வாசனை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, என்ன பாப்பா, தள்ளி உடவா என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார், அதனால்தான் தாங்கவில்லை. பஸ் முழுக்க ஜன்னலில் முகம். டக். இப்போது ராத்திரி தூக்கத்தில் கதவு தாழ்ப்பாள் விழுந்தால்கூட அந்த டக்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த டக் கேட்டால் திங்கட்கிழமை நான் திருப்பூர் பஸ்ஸில் இருப்பேன். சித்தி வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் செக்கிங், நாள் முழுக்க நின்றுகொண்டு பனியனில் நூல் பிசிறு வெட்டணும். அம்மா ஏற்கனவே சொல்லி வைத்துவிட்டாள். ஸ்கூலைத்தான் விட்டுட்ட, இதுலயும் தேறலைன்னா வேற என்ன பண்றதா உத்தேசம் என்று கேட்டாள், பதில் சொல்ல முடியாத மாதிரிதான் அவள் எப்போதும் கேட்பாள். பிளஸ் டூ பாதியில் நின்றேன். சைக்கிளுக்காக நின்றேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மை அப்படியில்லை, எனக்கு அங்கே உட்கார முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தால் காலெல்லாம் எறும்பு. ஆனால் சைக்கிளுக்காக என்று சொல்லிவிட்டதால் இப்போது சைக்கிளாவது வந்தாகணும்.

அதனால் முப்பத்தி நாலு. போட்டால் ஏறிவிடுவேன். எனக்குத் தெரியும், போன வாரம் சாரே யாரிடமோ ஒரு பழைய வண்டியை வாங்கிக் கொடுத்து அடிவாரத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார், அதில் அந்தச் செட்டு இருந்தது, நடுவில் அந்த யோசிக்கிற இடமே வரவில்லை, கால் பாட்டுக்குச் சுற்றியது, பேசிக்கொண்டே ஏறினேன். ஆனால் ஏறினால் என்ன சொல்வார்கள். லேடீஸ் செட்டு ஏத்திருச்சு என்பார்கள். ஏறாவிட்டால் நான் ஏறவில்லை, ஏறினால் செட்டு ஏறினது. மேலே போய் நின்றாலும் அங்கே நான் இருக்க மாட்டேன், ஒரு டப்பா இருக்கும். இதை யாரிடம் சொல்ல. சொன்னால், உனக்கு எதுக்கெடுத்தாலும் கோவம் மௌனிகா என்பார்கள். கோபம்தான். கோபப்படாமல் இருக்க அவர்கள் கொடுத்த காரணம் ஒன்றுகூட இல்லை. இருபத்தெட்டு என்று சொல்லி எழுந்துவிடலாம் என்று எழுந்தேவிட்டேன், டப்பா கீழே விழப் பார்த்தது, பிடித்துக்கொண்டு மறுபடி உட்காரப் போனபோது எதிர்ச் சுவரோரம் ஸ்டாண்டில் மாட்டியிருந்த வண்டி கண்ணில் பட்டது. வந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், பார்க்காமல். சிவப்பு வண்டி. பின் சக்கரத்தின் நடுவில் ஒரு பழைய லுங்கித் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தது, தூசு படாமல் இருக்க என்று நினைத்திருந்தேன். இந்தக் கடையில் தூசுக்கு யார் துணி கட்டுவார்கள். என் வண்டி வாசலில் வெயிலில் கிடக்கிறது. துணிக்குக் கீழே, துணி எட்டாத இடத்தில், ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. நீட்டமாக. கணுக்கால் உயரத்துக்கு. ஹேண்டிலில் கறுப்பு டேப்புக்கு மேல் மஞ்சளில் ஒரு சுற்று, அந்த மஞ்சளை எனக்குத் தெரியும், ஆறு மாசமாக அதைப் பின்னால் இருந்து துரத்திக்கொண்டிருக்கிறேன்.

டப்பாக்களை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய் முடிச்சை அவிழ்த்தேன். எண்ணக்கூட வேண்டாம், பெரிய பல்சக்கரத்தின் மேலேயே அடித்திருந்தது, முப்பத்தி நாலு. புதுசு, எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் மஞ்சளாக. எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அடிவயிற்றிலிருந்து, சரி அப்ப நான் போடலாம், நிதர்சனே போட்டிருக்கிறான் என்று. அது வந்து ஒரு மூச்சு விடுவதற்குள் அசிங்கமாகிவிட்டது. அவன் போட்டால்தான் சரியா. என் முட்டி ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அது போதாதா, ஒரு பையன் வந்து துணியை மூடி ஒளித்துப் போட்ட பிறகுதான் எனக்கு அது கியராகத் தெரிகிறதா, அதுவரைக்கும் எனக்கும் அது லேடீஸ் செட்டுதானா. இவ்வளவு நேரம் இவர்கள் எல்லோர் மேலும் வந்த கோபம் திரும்பி என் மேலேயே உட்கார்ந்தது. அதற்குள் தண்டபாணி அண்ணன் பார்த்துவிட்டார், டீச்சரம்மாவை அப்படியே விட்டுவிட்டு கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அதை ஏம்மணி தொடறே, அது சர்வீசுக்கு வந்த வண்டி. இது நிதர்சன் வண்டிதானண்ணா என்றேன். அவர் வாசலைப் பார்த்தார். ஆமா என்றார். இதுல போட்டிருக்கறது என்ன செட்டுண்ணா. அது மலை செட்டு அம்மணி. எனக்குக் காமிச்சது என்ன செட்டு என்றேன். அவர் ஸ்டூலில் இருந்த டப்பாவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பொய் சொல்லத் தெரியாத மனுஷன், காது இரண்டும் சிவந்துவிட்டது. அதுவும் இதும் ஒண்ணுதான் கண்ணு, ஒரே டப்பாதான், ரெண்டா வந்துச்சு, ஒண்ணு அவனுக்கு ஒண்ணு உனக்கு. அப்ப துணி எதுக்கு. சார்தான் கட்டச் சொன்னாரு, பசங்க பார்த்தா எல்லாரும் கேப்பாங்க, ஊருக்கெல்லாம் இருபத்தெட்டுன்னு சொல்லிட்டு இப்ப மாத்தினா நல்லாருக்காதுன்னாரு, ஞாயித்துக்கிழமை காலைலதான் அவுக்கணும்னாரு. நீ யார்கிட்டயும் சொல்லிறாத, என் யாவாரம் போயிரும்.

டீச்சரம்மா வந்து எட்டிப் பார்த்தார், என்னப்பா பிரச்சினை என்றார். ஒண்ணுமில்லைங்க டீச்சர், புள்ளைக்கு டிரெய்லர் என்றார் அண்ணன். இவ்வளவு சின்னப் பொண்ணா என்றார் டீச்சரம்மா. நான் சிரிக்கவில்லை. ஸ்டூலுக்குப் போய் டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தேன். இதைப் போடுங்கண்ணா. அவர் டப்பாவைப் பார்த்து, லேடீ என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முப்பத்தி நாலு என்றேன். முப்பத்தி நாலு என்றார். டிரெய்லர் நீட்டம் என்றேன். நீட்டம் என்றார். வாசலிலிருந்து என் வண்டியைத் தூக்கி வந்து நானே ஸ்டாண்டில் மாட்டினேன், பழைய கட்டைக் கையை அவர் கழற்றக் கழற்ற நட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். டீச்சரம்மா இன்னொரு தடவை பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். எல்லாம் மாட்டிச் செயினைக் கோத்தபின் அண்ணன் கம்பியை இழுத்துப் பிடிக்க நான் கையால் பெடலைச் சுற்றினேன், செயின் ஒவ்வொரு பல்லாக மேலே தாவினது, டக், டக், டக், அதே சத்தம்தான், ஆனால் இது மேலே போகிற டக். கடைசியில் பெரியதில் போய் உட்கார்ந்து சும்மா ஓடியது. மூடி அப்படியே உருட்டிட்டுப் போயிரு அம்மணி, ரோட்டுல பசங்க யாராவது பார்த்தா கேப்பாங்க என்று அண்ணன் நிதர்சன் வண்டியிலிருந்து அவிழ்ந்து தரையில் கிடந்த துணியைக் குனிந்து எடுத்து என் சக்கரத்தில் சுற்ற வந்தார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். அதைத் திரும்ப அவன் வண்டியில் கட்டவும் இல்லை. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கிரீஸ், நன்றாகத் துடைத்துக்கொண்டேன், துடைத்து, கறுப்பாய்ப் போன துணியை அண்ணன் தோளில் போட்டுவிட்டு வண்டியை இறக்கினேன். டீக்கடை எதிரேதான் இருக்கிறது, நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பார்க்கட்டும்.